கையொப்பமிடாதவர்களின் கணக்கு

அமெரிக்கா, கனடா, மெக்சிகோ ஆகிய மூன்று நாடுகளையும் இணைத்த வட அமெரிக்கத் தடையற்ற வணிக ஒப்பந்தம், அதாவது நாஃப்டா, 1994 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தபோது, ஜமைக்காவிலிருந்தோ ஹோண்டுராசிலிருந்தோ வரும் எந்தப் பொருளின் மீதும் அமெரிக்கா வரியை உயர்த்தவில்லை. அந்நாடுகள் அதுவரை பெற்றுவந்த சலுகைகளில் எதையும் திரும்பப் பெறவும் இல்லை. ஆயினும் அடுத்த ஐந்தாறு ஆண்டுகளில், கரீபியத் தீவுகளிலும் மத்திய அமெரிக்காவிலும் இயங்கிய ஆடைத் தொழிற்சாலைகளை நாடியிருக்கக்கூடிய ஆர்டர்களில் கணிசமானவை மெக்சிகோவுக்குச் சென்றன. ஜமைக்காவின் தலைநகரான கிங்ஸ்டனின் ஏற்றுமதி வளாகங்களில் தையல்கூடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. யாரும் எதையும் பறிக்காத நிலையிலும் ஒரு நாடு இழக்க முடியும் என்பதை, வட்டார வணிக ஒப்பந்தங்களைப் பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் ஓர் அடிக்குறிப்பாகவே நடத்திவருகின்றன. ஒப்பந்தத்தில் கையொப்பமிட்ட நாடுகளுக்கு லாபமா நட்டமா என்பதைப் பற்றி நூலகங்கள் நிறையும் அளவுக்கு எழுதப்பட்டிருக்கிறது. அந்த ஒப்பந்தத்தின் வேலிக்கு வெளியே, அதே கடலின் மறுகரையில் இருக்கும் நாடுகளின் கணக்கு அந்த அளவுக்கு எழுதப்படவில்லை.

இதற்கான கோட்பாட்டு அடிப்படை புதியதன்று. ஜேக்கப் வைனர் என்ற பொருளியலாளர் சுங்க ஒன்றியங்களைப் பற்றி 1950இல் வெளியிட்ட நூலில் இரண்டு விளைவுகளைப் பிரித்துக் காட்டினார். உள்நாட்டில் அதிகச் செலவில் செய்யப்பட்டுவந்த ஒரு பொருள், ஒப்பந்தத்துக்குப் பிறகு பங்காளி நாட்டிலிருந்து மலிவாக வருமானால் அது வணிக உருவாக்கம். ஆனால் ஒப்பந்தத்துக்கு வெளியே உள்ள ஒரு நாடு உண்மையில் மலிவாகச் செய்து அனுப்பிய பொருளுக்குப் பதிலாக, வரி இல்லை என்ற ஒரே காரணத்தால் பங்காளி நாட்டின் பொருள் வாங்கப்படுமானால் அது வணிகத் திசைதிருப்பல். இரண்டாவது விளைவில் வெளியே உள்ள நாடு தன் திறமையில் எந்தக் குறையும் இல்லாமலே சந்தையை இழக்கிறது. வரி இல்லாத இடத்தில் இத்தகைய திசைதிருப்பல் நிகழ முடியாது என்பதும், வெளியாருக்கு எதிரான வரி எவ்வளவு உயர்ந்திருக்கிறதோ அவ்வளவுக்கு இந்த இழப்பும் பெருகும் என்பதும் இதிலிருந்து நேராகப் பெறப்படும் முடிவுகள்.

பன்னாட்டு வணிக விதிகள் இந்த ஆபத்தை அறியாமல் எழுதப்படவில்லை. எல்லா உறுப்பு நாடுகளையும் சமமாக நடத்த வேண்டும் என்பது காட் எனப்படும் சுங்கவரி, வணிகப் பொது உடன்படிக்கையின் அடிப்படை நெறி; அந்த நெறிக்கு விலக்கு அளித்து வட்டார ஒப்பந்தங்களை அனுமதிப்பது அதன் 24ஆவது பிரிவு. அனுமதிக்கு அது விதிக்கும் முதன்மையான நிபந்தனைகளுள் ஒன்று, ஒப்பந்தம் செய்துகொள்ளும் நாடுகள் வெளியாருக்கு எதிரான வரிகளையும் பிற கட்டுப்பாடுகளையும் முன்பு இருந்ததைவிடக் கடுமையாக்கக் கூடாது என்பது. மேலோட்டமான பார்வைக்கு நியாயமாகத் தோன்றும் இந்த நிபந்தனையில்தான் ஓட்டை இருக்கிறது. வெளியாரின் வரி மாறாமல் இருக்க, போட்டியாளரின் வரி மட்டும் பூச்சியமாகும்போது, வெளியாரின் நிலை தாழ்ந்துவிடுகிறது. ஆனால் சட்டத்தின் கண்ணில் எதுவும் நடக்கவில்லை. சுங்க ஒன்றியம் ஒன்று தன் வரம்புக்கு மேல் வரியை உயர்த்தினால் இழப்பீடு கேட்க இடமுண்டு. 1986இல் ஸ்பெயினும் போர்ச்சுகலும் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேர்ந்ததால் ஸ்பெயினின் மக்காச்சோளச் சந்தையை அமெரிக்கா இழக்க நேர்ந்தபோது, அது பதிலடி வரி விதிக்கப்போவதாக மிரட்டி, ஆண்டுக்கு 20 லட்சம் டன் மக்காச்சோளத்தை வெளியிலிருந்து ஸ்பெயின் வாங்கும் என்ற உறுதியை 1987 ஜனவரியில் பெற்றுக்கொண்டது. அத்தகைய மிரட்டலுக்கு வேண்டிய பலம் ஜமைக்காவிடம் இல்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை. அதைவிட முக்கியமானது, நாஃப்டா எந்த வரியையும் உயர்த்தாததால் இழப்பீடு கேட்பதற்கான சட்டக் காரணமும் அதனிடம் இல்லை என்பது.

கரீபியப் பகுதியின் நிலையைப் புரிந்துகொள்ள நாஃப்டாவுக்குப் பத்தாண்டுகள் முன்னே செல்ல வேண்டும். அதிபர் ரீகன் 1982இல் அறிவித்து, 1983இல் சட்டமாகி, 1984 ஜனவரியில் தொடங்கிய கரீபியப் படுகைத் திட்டம், அந்தப் பகுதி நாடுகளின் பல பொருள்களுக்கு அமெரிக்கச் சந்தையை வரியின்றித் திறந்துவிட்டது. கியூபாவுக்கும் நிகரகுவாவுக்கும் எதிரான பனிப்போர்க் கணக்கு அதன் பின்னே இருந்தது. ஆனால் திறந்துவிடப்பட்ட பட்டியலில், அந்நாடுகள் உண்மையில் போட்டியிடக்கூடிய பொருள்களான ஆடைகள், காலணிகள், டின்னில் அடைத்த சூரை மீன் போன்றவை இடம்பெறவில்லை. ஆடைகளுக்கு வேறொரு குறுக்குவழி இருந்தது. அமெரிக்க வரிப் பட்டியலில் 807ஆம் இனம் என்று அறியப்பட்ட ஏற்பாட்டின்படி, அமெரிக்காவில் வெட்டப்பட்ட துணித் துண்டுகளை வெளிநாட்டுக்கு அனுப்பி, அங்கே தைத்துத் திரும்பக் கொண்டுவந்தால், முழு ஆடைக்கும் அல்லாமல் வெளிநாட்டில் சேர்ந்த மதிப்புக்கு மட்டும் வரி செலுத்தினால் போதும். 1986இல், துணியும் அமெரிக்காவில் நெய்யப்பட்டதாக இருந்தால் தாராளமான இறக்குமதி அளவும் உறுதிசெய்யப்பட்டது. இந்த ஏற்பாட்டை நம்பித்தான் கிங்ஸ்டனிலும், டொமினிக்கன் குடியரசின் தொழில் வளாகங்களிலும், ஹோண்டுராசின் சான் பெட்ரோ சூலா, சொலோமா நகரங்களிலும் ஆயிரக்கணக்கான பெண்கள் தையல் எந்திரங்களின் முன் அமர்ந்தனர்.

நாஃப்டா இந்த ஏற்பாட்டைத் தொடவில்லை, அதன் பக்கத்தில் வேறொன்றை நிறுத்தியது. ஒரு கற்பனைக் கணக்கு இதை விளக்கும். ஓர் ஆடையின் அடக்கவிலை 10 டாலர், அதில் அமெரிக்கத் துணியின் மதிப்பு 7 டாலர், வெளிநாட்டுத் தையலின் மதிப்பு 3 டாலர் என்றும், வரி 20 விழுக்காடு என்றும் கொண்டால், ஜமைக்காவில் தைத்த ஆடைக்கு 60 சென்ட் வரி விழும். அதே அமெரிக்கத் துணியை மெக்சிகோவில் தைத்தால் நாஃப்டாவின் முதல் நாளிலிருந்தே வரி எதுவும் இல்லை. 10 டாலரில் 60 சென்ட் என்பது கேட்பதற்குச் சிறியது. ஆனால் ஆர்டரைச் சில சென்ட் வித்தியாசத்தில் இங்கிருந்து அங்கே மாற்றும் ஆடை வணிகத்தில் அது ஒரு தொழிற்சாலையின் மொத்த லாபத்தை விழுங்கிவிடக்கூடிய தொகை. அதோடு 807 ஏற்பாட்டில் துணியை வெட்டும் வேலை அமெரிக்காவிலேயே முடிந்தாக வேண்டும். நாஃப்டாவிலோ வெட்டுதல், சாயமேற்றுதல், ஜீன்ஸ் துணியைக் கல்லிட்டு வெளுத்தல் ஆகிய எல்லாவற்றையும் மெக்சிகோவிலேயே செய்ய முடிந்தது. அதனால் வடக்கு மெக்சிகோவின் டொரியோன் நகரம் சில ஆண்டுகளில் நீல ஜீன்ஸ் உற்பத்தியின் பெரும் மையமாக வளர்ந்து, துணி வாங்குவது முதல் முழு ஆடையை அனுப்புவது வரை மொத்தப் பொறுப்பையும் ஏற்கும் நிலையை எட்டியது; கரீபியப் பகுதி தையல் கூலியோடு நின்றுவிட்டது. 1990களின் இறுதியில் அமெரிக்காவுக்கு ஆடை அனுப்பும் நாடுகளில் மெக்சிகோ சீனாவையும் முந்தி முதலிடம் பிடித்தது.

வரியைவிடக் கூர்மையான கருவி ஒன்றும் இதில் இருந்தது. தடையற்ற வணிக ஒப்பந்தம் ஒவ்வொன்றிலும், எந்தப் பொருளை ஒரு நாட்டின் சொந்தப் பொருளாகக் கருதலாம் என்று வரையறுக்கும் பிறப்பிட விதிகள் இருக்கும். இல்லாவிட்டால் வேறு நாட்டுப் பொருள் மெக்சிகோ வழியாக நுழைந்து வரியைத் தவிர்த்துவிடும். நாஃப்டாவின் ஆடை விதி, நூல் தொடங்கி எல்லாக் கட்டங்களும் மூன்று நாடுகளுக்குள்ளேயே நடந்திருக்க வேண்டும் என்றது. நூற்பு, நெசவு, தையல் என்ற மூன்றில் முதலாவது வெளியே நடந்திருந்தாலும் சலுகை கிடையாது. எனவே ஆசிய நூலையும் துணியையும் வாங்கித் தைத்துவந்த மெக்சிகோ ஆலைகளும் அமெரிக்க நூலுக்கு மாறவேண்டிய தூண்டுதல் உருவாயிற்று. இதிலும் எந்த வரியும் உயரவில்லை. ஆனால் ஒரு புதிய வேலி எழுப்பப்பட்டது, அது எழுப்பப்பட்ட இடம் சுங்கச் சாவடியாக இல்லாமல் ஒப்பந்தத்தின் பின்னிணைப்பாக இருந்தது என்பதே வேறுபாடு. பிறப்பிட விதிகளை நுணுக்கம் என்று ஒதுக்கிவைப்பவர்கள் ஒப்பந்தத்தின் உண்மையான உள்ளடக்கத்தைத்தான் ஒதுக்கிவைக்கிறார்கள்.

கரீபியத்தின் பின்னடைவு முழுவதையும் நாஃப்டாவின் மேல் ஏற்றிவிடுவது நேர்மையான கணக்கு ஆகாது. 1994 டிசம்பரில் மெக்சிகோவின் பெசோ சரிந்து சில மாதங்களில் டாலருக்கு எதிராக ஏறத்தாழ பாதி மதிப்பை இழந்தது. அதனால் மெக்சிகோவின் கூலி டாலர் கணக்கில் வீழ்ந்தது, ஒப்பந்தம் இல்லாவிட்டாலும் அதன் ஏற்றுமதி பெருகியிருக்கும். பொருளியலாளர் ஆன் குரூகர் 1990களின் இறுதியில் செய்த ஆய்வில், ஒட்டுமொத்த வணிகத்தில் திசைதிருப்பலுக்கு வலுவான சான்று இல்லை, நாணய மதிப்பின் மாற்றமே பெரும்பகுதியை விளக்குகிறது என்ற முடிவுக்கு வந்தார். ஆனால் ஒட்டுமொத்தம் என்பது பல வேறுபாடுகளை மூடிவிடும் சொல். ஃபுகாவ், ஒகுபோ, ஸ்டெர்ன் ஆகியோர் பொருள்வாரியாகப் பிரித்து 2003இல் வெளியிட்ட ஆய்வு, துணி மற்றும் ஆடைத் துறையில் திசைதிருப்பல் நிகழ்ந்ததைக் காட்டியது. இரண்டு முடிவுகளும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. அக்காலத்தில் அமெரிக்காவின் சராசரி இறக்குமதி வரி மிகக் குறைவாக இருந்தது. ஆனால் பருத்திப் பின்னல் டி-சட்டைக்கு இன்றும் பொதுவரி 16.5 விழுக்காடு, செயற்கை இழையாலானதற்கு 32 விழுக்காடு. வரி குவிந்திருக்கும் இடத்தில் பாதிப்பும் குவிகிறது, சிறு நாடுகளின் ஏற்றுமதியும் அதே இடத்தில்தான் குவிந்திருக்கிறது. அமெரிக்கப் பொருளாதாரத்தின் அளவுகோலில் கண்ணுக்குத் தெரியாத ஒரு நகர்வு, ஒற்றைத் தொழிலை நம்பிய தீவின் அளவுகோலில் பேரிழப்பாகலாம்.

பாதிப்பு எல்லா அண்டை நாடுகளுக்கும் ஒரே மாதிரி வந்துசேரவும் இல்லை. ஹோண்டுராசும் எல் சால்வடாரும் கூலி குறைவாக இருந்ததால் நாஃப்டாவுக்குப் பிறகும் ஆடை ஏற்றுமதியைப் பெருக்கிக்கொண்டே சென்றன. உயர்ந்த கூலியும், அதிக வட்டி விகிதமும், பாதுகாப்புச் செலவும் ஏற்கெனவே அழுத்திக்கொண்டிருந்த ஜமைக்காதான் முதலில் வீழ்ந்தது. விளிம்பில் நிற்பவரைத் தள்ளிவிடச் சிறு அசைவே போதும். ஏற்றுமதி வளர்ந்த நாடுகளின் விஷயத்திலும் இழப்பு இல்லை என்று சொல்லிவிட முடியாது, ஏனெனில் அங்கே இழப்பு என்பது வந்திருக்க வேண்டிய ஆர்டரும் கட்டப்பட்டிருக்க வேண்டிய ஆலையும். இல்லாத ஆலையைப் புள்ளிவிவரம் எண்ணுவதில்லை. மறுபுறம், கோஸ்டா ரிக்கா வேறொரு பாடத்தைத் தருகிறது. இன்டெல் நிறுவனம் 1996இல் தன் சில்லு பொருத்தும் ஆலைக்கு இடம் தேடியபோது, மெக்சிகோவையும் பரிசீலித்து, இறுதியில் கோஸ்டா ரிக்காவைத் தேர்ந்தெடுத்தது. படித்த தொழிலாளர்களும் நிலையான அரசும் அதற்குக் காரணங்களாகக் கூறப்பட்டன; ஆனால் மின்னணுச் சில்லுகளுக்கு அமெரிக்காவில் வரி இல்லாததால் நாஃப்டா உறுப்புரிமை அங்கே மெக்சிகோவுக்கு எந்த அனுகூலத்தையும் தரவில்லை என்பதும் அதே அளவு முக்கியமானது. வைனரின் விதி எதிர்த்திசையிலும் வேலை செய்ததற்கு இது சான்று.

வெளியே விடப்பட்ட நாடுகள் சும்மா இருக்கவில்லை. மெக்சிகோவுக்குக் கிடைத்ததை எங்களுக்கும் தாருங்கள் என்ற ‘நாஃப்டா சமநிலை’ கோரிக்கை, ஒப்பந்தம் நடைமுறைக்கு வருவதற்கு முன்பே வாஷிங்டனில் எழுப்பப்பட்டு ஆண்டுதோறும் தள்ளிப்போடப்பட்டது; 1997 நவம்பரில் அதற்கான சட்ட முன்வடிவை அமெரிக்கப் பிரதிநிதிகள் அவை தோற்கடித்தது. 1998 அக்டோபர் இறுதியில் மிட்ச் சூறாவளி ஹோண்டுராசையும் நிகரகுவாவையும் சீர்குலைத்து 10,000க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட பிறகே அந்தக் கோரிக்கைக்கு அரசியல் செவி கிடைத்தது. 2000 மே மாதம் அதிபர் கிளின்டன் கையொப்பமிட்ட வணிக, வளர்ச்சிச் சட்டம், ஆப்பிரிக்க நாடுகளுக்கான சலுகைகளோடு சேர்த்துக் கரீபிய நாடுகளுக்கும் ஆடை வரியை நீக்கியது. ஆனால் அந்தச் சலுகையின் பெரும்பகுதி அமெரிக்க நூலால் அமெரிக்காவில் செய்த துணியைத் தைப்பவர்களுக்கு உரியது. வரியை விலக்கிய அதே சட்டம், அந்நாடுகள் தங்களுக்கென நூற்பாலையோ நெசவாலையோ நிறுவிக்கொள்வதற்கான தூண்டுதலையும் சேர்த்தே விலக்கியது. சமநிலை என்ற பெயரில் கிடைத்தது மெக்சிகோவுக்கு இணையான இடமன்று. அமெரிக்கத் துணிக்கான வெளிநாட்டுத் தையலறை என்ற பழைய இடமே வரிவிலக்கோடு திரும்பக் கிடைத்தது.

நாடுகள் ஏன் இத்தகைய நிபந்தனைகளை ஏற்றுக்கொண்டு உள்ளே நுழைய முண்டியடிக்கின்றன என்பதற்கு ரிச்சர்டு பால்ட்வின் 1993இல் முன்வைத்த விளக்கம் பொருந்துகிறது. ஓர் ஒப்பந்தம் வெளியாரின் ஏற்றுமதியாளர்களுக்கு நட்டம் விளைவிக்கிறது. அந்த ஏற்றுமதியாளர்கள் தங்கள் அரசை உள்ளே சேருமாறு நெருக்குகிறார்கள். ஒரு நாடு சேர்ந்ததும் வெளியே எஞ்சியவர்களின் நட்டம் இன்னும் கூடுகிறது. அடுத்த நாடும் சேர்கிறது. கனடாவே இதற்கு முதல் எடுத்துக்காட்டு. 1989 முதல் அமெரிக்காவுடன் தனி ஒப்பந்தம் வைத்திருந்த கனடா, மெக்சிகோவும் அமெரிக்காவும் பேசத் தொடங்கியதும், தன் சலுகையின் மதிப்பு கரைந்துவிடுமே என்றுதான் பெரும்பாலும் அந்த மேசைக்கு வந்தது. 2004இல் மத்திய அமெரிக்க நாடுகள் ஐந்தும் டொமினிக்கன் குடியரசும் அமெரிக்காவுடன் செய்துகொண்ட காஃப்டா ஒப்பந்தமும் இந்த வரிசையில் விழுந்த அடுத்த காய். உள்ளே நுழைவதற்கான கட்டணம் ஆடையோடு தொடர்பில்லாத துறைகளில் வசூலிக்கப்பட்டது. கோஸ்டா ரிக்கா தன் அரசுத் தொலைத்தொடர்பு, காப்பீட்டு நிறுவனங்களின் ஏகபோகத்தைத் திறந்துவிட ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. மருந்து நிறுவனங்களின் ஆய்வுத் தரவுகளுக்கு ஆண்டுக்கணக்கான பாதுகாப்பு அளிக்கும் விதிகள் மலிவு மருந்துகளின் வரவைத் தாமதப்படுத்தும் என்ற எதிர்ப்பு குவாத்தமாலாவில் எழுந்தது. கோஸ்டா ரிக்கா மட்டும் மக்களிடம் கேட்டது. 2007 அக்டோபர் 7 அன்று நடந்த பொது வாக்கெடுப்பில் 51.6 விழுக்காட்டினர் ஏற்க, மயிரிழையில் ஒப்பந்தம் தப்பியது. வாக்களித்தோரில் ஏறத்தாழ பாதிப்பேர் மறுத்த ஒன்றை, வெளியே நிற்பதன் அச்சமே ஏற்க வைத்தது என்று கூறினால் மிகையாகாது.

இவ்வளவு விலை கொடுத்துப் பெற்ற இடத்தின் மதிப்போ இதற்கிடையே கரையத் தொடங்கியிருந்தது. நாடுவாரியாக ஆடை இறக்குமதி அளவை வரையறுத்துவந்த கோட்டா முறை 2005 ஜனவரி 1 அன்று முற்றிலும் முடிவுக்கு வந்தபோது, 2001 டிசம்பரில் உலக வணிக அமைப்பில் சேர்ந்திருந்த சீனாவால், வரியைச் செலுத்திவிட்டும் மலிவாக விற்க முடிந்தது. முன்பு முதலிடத்தில் இருந்த மெக்சிகோவின் பங்கே மேலும் சரிந்தது. ஒப்பந்தத்தால் அண்டை நாட்டிடமிருந்து பெற்றதை மெக்சிகோ தொலைவில் உள்ள நாட்டிடம் இழந்தது. இடைப்பட்ட காலத்தில் கிங்ஸ்டனில் மூடப்பட்டவை திறக்கப்படவில்லை.

இந்த வரலாறு தமிழ் வாசகருக்கு அந்நியமானதன்று. ஐரோப்பியச் சந்தையில் திருப்பூரின் பின்னலாடைகள் நெடுங்காலம் 9 விழுக்காட்டுக்கும் மேல் வரி செலுத்திப் போட்டியிட்டபோது, பின்தங்கிய நாடு என்ற தகுதியால் வங்கதேசம் வரியின்றி விற்றது. 2020 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தத்தால் வியட்நாமின் வரியும் படிப்படியாகக் குறையத் தொடங்கியது. இலங்கைக்கு 2005இல் கிடைத்து, 2010இல் நிறுத்தப்பட்டு, 2017இல் மீண்ட ஐரோப்பியச் சலுகையோ, துணி ஆக்கமும் தையலும் ஆகிய இரண்டு கட்டங்கள் உள்நாட்டில் நடக்க வேண்டும் என்ற பிறப்பிட விதியால், வெளிநாட்டுத் துணியை நம்பிய பல ஆடைகளுக்கு எட்டாமலே போனது. இங்கெல்லாம் தமிழகம் வெளியே நின்ற தரப்பு. ஆனால் 2025 ஜூலையில் இந்தியா பிரிட்டனுடன் கையொப்பமிட்ட ஒப்பந்தம் இந்திய ஆடைகளுக்கு வரி நீக்கத்தை உறுதிசெய்தபோது, திருப்பூரில் வரவேற்கப்பட்ட அதே செய்தி டாக்காவிலும் கொழும்பிலும் சலுகையின் மதிப்புக் குறைவாகவே படிக்கப்பட்டிருக்கும். அந்தக் கணக்கில் இந்தியா இருப்பது மெக்சிகோவின் நாற்காலியில். இதைப் பற்றி இங்கு எழுந்த விவாதங்களில் அண்டை நாடுகளின் பெயர்கள் போட்டியாளர்களாக மட்டுமே வந்தன.

இழப்பைக் குறைக்க வழியே இல்லை என்பதில்லை. வெளியாருக்கு எதிரான பொதுவரியைத் தாழ்த்துவதே நேரான மருந்து. 32 விழுக்காடு 10 ஆகக் குறைந்தால் திசைதிருப்பலின் பெரும்பகுதி தானே மறைந்துவிடும். அதற்கு அடுத்தபடியாக உள்ளது, ஒரு நாட்டின் துணியை மற்றொரு நாடு பயன்படுத்தினாலும் சொந்தத் துணியாகவே கருதும் பிறப்பிடக் கூட்டுக்கணக்கு என்ற ஏற்பாடு. வியட்நாமின் ஐரோப்பிய ஒப்பந்தத்தில் தென் கொரியத் துணிக்கு இந்த உரிமை உண்டு. காஃப்டாவிலும் மெக்சிகோவின் நெய்த துணிக்கு ஆண்டுக்கு 10 கோடி சதுர மீட்டர் என்ற உச்சவரம்போடு இது அனுமதிக்கப்பட்டது. நாஃப்டாவால் பிரிக்கப்பட்ட மெக்சிகோ நெசவாலையும் ஹோண்டுராஸ் தையல்கூடமும் போட்டியாளர்களாக இல்லாமல் ஒரே சங்கிலியின் கண்ணிகளாக இணைவதற்கான சிறு வாசல் அது.

அந்த வாசல் ஏன் சிறியதாகவே இருக்கிறது என்பதற்கு விடை அமெரிக்க அரசியலில் இருக்கிறது. 2005 ஜூலையில் பிரதிநிதிகள் அவையில் காஃப்டா 217க்கு 215 என்ற கணக்கில், இரண்டே வாக்குகள் வித்தியாசத்தில் நிறைவேறியது. கரோலினா மாநிலங்களின் நூல், துணி ஆலைகளுக்காகப் பேசிய உறுப்பினர்களின் வாக்கைப் பெறுவதற்கு அரசு அளித்த உறுதிகளுள் ஒன்று, மத்திய அமெரிக்காவில் தைக்கப்படும் காற்சட்டைகளின் பைக்கு உள்ளே வைக்கும் துணிகூட ஒப்பந்த நாடுகளில் செய்ததாக இருக்க வேண்டும் என்று விதியை மாற்றுவது. அந்த மாற்றம் 2008இல் நடைமுறைக்கும் வந்தது. அண்டை நாடுகளின் பிழைப்பைத் தீர்மானித்த அந்த வாக்கெடுப்பில் பைத்துணிக்குப் பேச ஆள் இருந்தது, அந்த நாடுகளுக்கு இல்லை. 2025 ஏப்ரலில் அமெரிக்கா காஃப்டா நாடுகளின் மீதும் 10 விழுக்காடு, நிகரகுவாவின் மீது 18 விழுக்காடு எனப் புதிய வரிகளை அறிவித்து, நாஃப்டாவின் வாரிசாக 2020இல் வந்த ஒப்பந்தத்தின் விதிகளுக்கு உட்பட்ட மெக்சிகோ, கனடாப் பொருள்களுக்கு மட்டும் அவற்றிலிருந்து விலக்கு அளித்தபோதும் அந்த நிலை மாறியிருக்கவில்லை.